கூழும் குடலும்

1

'முன்னோர் உணவு', 'பாரம்பரிய உணவு' என்கிற சொற்கள் இன்று எல்லா மேடைகளிலும் புழங்குகின்றன. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் கூடிவிட்டது. நேற்றுவரை 'கூழு குடிக்கிற ஜனங்க' என்று நம்மை ஏசுவதற்குப் பயன்பட்ட கேழ்வரகு, இன்று அழகான பொட்டலத்தில் அடைபட்டு, அரிசியைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிறது. விற்கட்டும். நமக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. முன்னோர் என்றால் யாருடைய முன்னோர்? அவர்கள் தின்றதெல்லாம் விரும்பித் தின்றதுதானா?

என்னை இந்தக் கேள்வி கேட்க வைத்தது என் வயிறு. மூன்று வருடமாக நான் வயிற்று நோயாளி. முதலில் முன்சிறுகுடலில் புண். வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, கிருமி இருக்கிறது என்று சொல்லி, பதினான்கு நாள் மாத்திரை கொடுத்தார்கள். புண் ஆறியது. எரிச்சலும் உப்புசமும் போகவில்லை. கையில் ஓர் உணவுப் பட்டியல் திணித்தார்கள்: 'அசைவம் தவிர்க்கவும். பால், நெய், பருப்பு, கோதுமை சேர்க்கவும்.' இது யார் வீட்டு அடுப்பங்கரையிலிருந்து வந்த பட்டியல் என்று படித்ததுமே தெரிந்துவிட்டது. பால் குடித்தால் எனக்கு வயிறு மத்தளமாகிவிடும். தென்னிந்தியரில் வயது வந்த பெரும்பாலோருக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவு என்று மருத்துவ ஆய்வுகளே சொல்கின்றன. பட்டியல் போட்டவருக்கு மட்டும் அது தெரியவில்லை.

பிறகு 'முன்னோர் உணவு' ஆட்களிடம் போனேன். வரகு, சாமை, தினை, நாட்டுச் சர்க்கரை, நெய் என்று நீளமாகச் சொன்னார்கள். 'கறி?' என்றேன். முகம் சுளித்து, 'நம்ம முன்னோருங்க சாத்வீகமா சாப்பிட்டாங்க, நோய் நொடியில்லாம நூறு வயசு இருந்தாங்க' என்றார் ஒருவர். வடாற்காட்டுச் சேரியொன்றில் பிறந்து, தோல் ஷாப்பில் வேலை செய்த நைனாவுக்கு மகனாக வளர்ந்தவன் நான். என் முன்னோர் நூறு வயது இருந்ததாக எனக்குத் தகவல் இல்லை. எங்கள் ஆயாவுக்குப் பிறந்தது ஒன்பது, தங்கியது நான்கு. போன ஐந்தில் மூன்று வயிற்றுப்போக்கில் போனவை.

ஆகவே நம் வயிற்றின் வரலாற்றை நாமே எழுதிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2

தமிழ் படித்தவன் என்பதால் இலக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். பத்துப்பாட்டில் இரண்டு வயிறுகள் இருக்கின்றன. பொருநராற்றுப்படையில் வரும் பொருநன் கரிகாலன் அரண்மனையில் இரவும் பகலும் இறைச்சி தின்று, கொல்லையை உழுத கொழுப்போலப் பல் மழுங்கிப் போகிறான். தமிழ் வகுப்புகளில் இதைச் சோழனின் கொடைக்குச் சான்றாகச் சொல்லித் தருவார்கள். முன்னோர் சைவம் என்று பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தை மெதுவாகத் தாண்டிவிடுவார்கள்.

இரண்டாவது வயிறு சிறுபாணாற்றுப்படையில் இருக்கிறது. கூரை இற்றுப்போன அடுக்களை. அங்கே, இன்னும் கண் திறக்காத குட்டிகள் மொய்க்க, பால் இல்லாத தாய் நாய் வலி தாங்காமல் குரைக்கிறது. கிணைப்பறை கொட்டுகிறவனின் மனைவி குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கூட இல்லாமல் வேகவைக்கிறாள். அடுத்தவர் பார்த்துவிடக் கூடாதே என்று வெட்கப்பட்டுக் கதவை அடைத்துவிட்டுத் தன் சுற்றத்தோடு பங்கிட்டுத் தின்கிறாள்.

அந்தக் கதவு முக்கியம். பசியைவிட, தின்பது என்ன என்று பிறர் பார்த்துவிடுவதே அங்கே பெரிய துன்பமாக இருக்கிறது. கொட்டுகிறவர் வீட்டில் அன்றைக்கு அடைத்த அந்தக் கதவை, வாடகை வீட்டில் மாட்டுக்கறி வேகவைக்கும்போது நம் வீட்டுப் பெண்கள் இன்னமும் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவர். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவர். தீபாவளியை அசுரனைக் கொன்ற நாளாக அவர் ஏற்கவில்லை. எள்ளிலிருந்து நெய் எடுக்கும் முறையைப் பௌத்தர்கள் கண்டறிந்து கொண்டாடிய நாள் என்று விளக்கினார். வரலாறாக அதை ஏற்பதும் மறுப்பதும் ஒருபுறம் இருக்கட்டும். பண்டிகைக்குள் உணவையும் மருந்தையும் தேடிப் போன அந்த வழி நமக்கு வேண்டிய வழி. நாட்டு வைத்தியத்தை வேறு யாரோ கண்டுபிடித்து நமக்குச் சொல்லித்தர வேண்டிய நிலையில் நாம் இல்லை.

3

நம் வயிற்றை அதிகாரம் முதன்முதலாகத் தராசில் வைத்து நிறுத்த காலம் 1876-78 தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. வைசிராய் லிட்டன் தானிய வணிகத்தில் கைவைக்க மாட்டேன் என்றார். பஞ்சத்தின் நடுவிலேயே கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. செலவைக் குறைக்க ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார்கள். பஞ்ச நிவாரண வேலையில் நாள் முழுதும் மண் வெட்டுகிற ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம், கூடவே சில்லறைக் காசு போதும் என்று 1877-இல் அவர் முடிவு செய்தார். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. 'டெம்பிள் கூலி' என்று வரலாறு அதற்குப் பெயர் வைத்திருக்கிறது.

எதிர்த்து நின்றவர் மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ.ஆர். கார்னிஷ். உடம்பால் உழைக்கிறவனுக்குக் குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியம் வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். சில மாதங்களில் கூலியைக் கொஞ்சம் கூட்டி, பருப்பும் சேர்த்தார்கள். அதற்குள் முகாம்களில் வயிற்றுப்போக்கும் காலராவும் புகுந்துவிட்டன. அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல். நிலமில்லாத கூலிகளே அதிகம் செத்தார்கள். நிலமில்லாதவர்கள் யார் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. இன்று சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி, 1877-78-இல் அந்தப் பட்டினிக் கைகள் வெட்டியது.

பஞ்சத்தில் குடல் சுருங்கிக் கிடந்தவனுக்குத் திடீரென்று சோறு போட்டால் அவன் பிழைப்பதில்லை. 'பசியில கெடந்தவனுக்கு மொதல்ல நீராகாரந்தான் குடுக்கணும்' என்று ஆயா சொல்லும். அதை நான் வெறும் பழமொழியாக எடுத்துக்கொண்டிருந்தேன். பஞ்சத்தைப் பற்றிப் படித்தபோது, அது செத்தவர்களைப் பார்த்துப் பிழைத்தவர்கள் கற்றுக்கொண்ட பாடம் என்று புரிந்தது. நம் பாரம்பரிய உணவறிவில் ஒரு பகுதி இப்படி வந்ததுதான்.

4

பஞ்சம் இல்லாத காலத்தில் என்ன தின்றோம்? கூலி எதுவோ அதைத் தின்றோம். பண்ணையாளுக்குக் கூலி தானியமாக அளக்கப்பட்டது. எந்தத் தானியம், எந்தப் படி, தலை தட்டியா கோபுரமாகவா என்பதை ஆண்டை தீர்மானித்தான். நெல் விளைவித்தவன் வீட்டில் கூழ் காய்ந்தது. நெல் ஆண்டையின் குதிருக்கும் சந்தைக்கும் போனது. கேழ்வரகு நம்முடைய தேர்வு என்று பெருமை பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டும்.

1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல், நிலம் கேட்டால் மிராசுதார்கள் தடுக்கிற நிலையை அது எடுத்துக்காட்டியது. 1892-இல் பஞ்சமி நிலம் என்று நாம் சொல்கிற நிலங்களுக்கு வழி பிறந்தது. அந்த நிலங்கள் பிறகு யார் கைக்குப் போயின என்பது ஊரறிந்த கதை. 1994-இல் காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். முன்னோர் உணவு வேண்டுமென்றால் முன்னோருக்கு எழுதிக் கொடுத்த நிலமும் வேண்டுமல்லவா? கேழ்வரகை மாடியில் தொட்டி வைத்து வளர்க்க முடியுமா?

கீழத் தஞ்சையில் பண்ணையாளுக்குக் கொடுத்த தண்டனை சவுக்கடியும் சாணிப்பாலும். சாணியைக் கரைத்து வாயில் ஊற்றிக் குடிக்க வைத்தார்கள். செரிமானம் பற்றிய எந்தப் புத்தகத்திலும் இந்த அத்தியாயம் இல்லை. அதே மண்ணில், நெல் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் முடிவில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். படி நெல்லுக்காகச் செத்த மக்களின் வாரிசுகளிடம் வந்து, 'அரிசி கெடுதல், குறைச்சுக்குங்க' என்று சொல்கிறவர் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்வது நல்லது.

5

மாட்டுக்கறிக்கு வருவோம். இங்கேதான் 'முன்னோர்' என்ற சொல் நம் வாயில் இரண்டாகப் பிளக்கிறது.

செத்த மாட்டை அப்புறப்படுத்துவது நம்மேல் சுமத்தப்பட்ட ஊழியம். அதற்கு ஈடாகத் தோலும் கறியும். ஒரே நாளில் தின்ன முடியாத கறியைக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, கொடியில் கோத்துக் காயவைத்தால் உப்புக்கண்டம். மழைக்காலத்தில், வேலை இல்லாத நாளில், நாலு துண்டு உப்புக்கண்டம் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறது. மராட்டியத் தலித்துகளும் இதே வழியில் கறியைக் கீறிக் காயவைத்தார்கள். ஷாகு பட்டோளே 2015-இல் மராட்டியில் எழுதிய புத்தகம் அந்தச் சமையலையெல்லாம் பதிவு செய்திருக்கிறது. மொழி வேறானாலும் கொடி ஒன்றுதான்.

ஆனால் பாபாசாகேப் அம்பேத்கர் 1927-இல் மகாத்தில், செத்த மாட்டின் இறைச்சியை விட்டுவிடுங்கள் என்றார். முன்னோர் வழக்கம் என்பதற்காக அவர் அதைத் தாங்கிப் பிடிக்கவில்லை. இழிவோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட உணவை மறுப்பது சுயமரியாதை என்றார். அதே அம்பேத்கர் 1948-இல் 'தீண்டப்படாதார் யார்?' என்ற நூலில், மாட்டிறைச்சி உண்ணல் ஒருகாலத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததையும், பார்ப்பனர்கள் அதைக் கைவிட்டுப் பசுவைப் புனிதமாக்கியதையும், விடமுடியாத ஏழைகள் தீண்டத்தகாதவர்களாக்கப்பட்டதையும் விவாதித்தார். நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா ஆகிய மூவருக்கும் அந்த நூலைக் காணிக்கையாக்கினார். மாடு தின்பது தன்னளவில் இழிவில்லை. இழிவோடு சேர்த்துத் தின்னும்படி கட்டாயப்படுத்தியதுதான் இழிவு. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்காதவர்கள் அவரைச் சைவமாக்குவார்கள், அல்லது மாட்டுக்கறியே விடுதலை என்பார்கள்.

என்னைப் பொறுத்தவரை, சந்தையில் நான் காசு கொடுத்து, புதிதாக வெட்டியதை வாங்கித் தின்கிற கறி என் உரிமை. என் தாத்தன் வாசலில் போடப்பட்டதைத் தின்ற கறி அவனுடைய பட்டினிக்குச் சாட்சி. இரண்டையும் 'பாரம்பரியம்' என்று ஒரே சட்டியில் போட்டுக் கிளற எனக்கு மனமில்லை.

6

அரிசியின் கதை தனிக்கதை. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் ஊட்டக்குறை நோய்களை ஆராய்ந்தார். இந்தியாவின் பல வட்டார உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை, பால், காய்கறி சேர்ந்த சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியே பிரதானமான சென்னை உணவைத் தின்றவை நோஞ்சானாகின. திருவிதாங்கூர் ஏழைகளின் மரவள்ளிக் கிழங்கு உணவைத் தின்ற எலிகளின் இரைப்பையில் புண் கண்டது. அவருடைய ஆய்வுக்கூடம்தான் பின்னால் ஐதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

அந்த எலிகளிடமிருந்து சிலர் எடுத்துக்கொண்ட பாடம், தென்னாட்டான் பலவீனன் என்பது. உண்மையில் அங்கே தெரிவது வறுமையும் அரவை மில்லும். உரலில் குத்திய அரிசியில் தவிடு கொஞ்சம் ஒட்டியிருக்கும். மில் வந்த பிறகு அது போனது. அதோடு பி-1 உயிர்ச்சத்தும் போனது. நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தும் புழுங்கலில் அந்தச் சத்து அரிசிக்குள்ளேயே இறங்கித் தங்கிவிடும். ஆந்திரக் கடலோரத்தில் மில்லில் தீட்டிய பச்சரிசி தின்றவர்களைப் பெரிபெரி பிடித்தது. புழுங்கல் தின்ற பகுதிகளில் அது பரவவில்லை. விருந்துக்கும் பூசைக்கும் உயர்ந்தது பச்சரிசி என்பார்கள். கூலிக்காரன் வயிற்றைக் காத்தது புழுங்கல்.

இந்த மாநிலத்தில் 2011 முதல் ரேஷனில் விலையில்லா அரிசி கிடைக்கிறது. அதைக் கேலி பேசுகிறவர்களோடு எனக்கு உறவில்லை. டெம்பிள் கூலியிலிருந்து அங்கே வந்து சேர நூற்று முப்பது வருடம் ஆகியிருக்கிறது. ஆனால் மூன்று வேளையும் அரிசி மட்டும் என்று ஆனதும், கேழ்வரகு நம் தட்டிலிருந்து நழுவிக் கடைக்காரன் பொட்டலத்துக்குள் போனதும் ஒரே காலத்தில் நடந்தன. 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷனில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் தோல் ஷாப்பில் முதுகு வளைந்தவனுக்கும் அது எல்லா மாவட்டத்திலும் வேண்டும்.

7

இனி என் புண்ணுக்கு வருகிறேன். காரம் தின்றாய், நேரத்துக்குத் தின்னவில்லை, கோபப்படுகிறாய், இயக்கம் இயக்கம் என்று அலைகிறாய், அதனால் புண் வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவில் 1982-இல் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையில் வாழும் ஒரு கிருமியை இனங்கண்டார்கள். 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. குடற்புண்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அந்தக் கிருமி. இந்தியாவில் வயது வந்தோரில் பாதிக்கும் மேற்பட்டவர் வயிற்றில் அது இருக்கிறது. நெருக்கடியான வீடு, சுத்தமில்லாத தண்ணீர், போதாத கழிப்பிடம் உள்ள இடத்தில் சிறுபிள்ளையாக இருக்கும்போதே ஒட்டிக்கொள்கிறது. எல்லோருக்கும் புண் வருவதில்லை, வருகிறவனுக்கு வருகிறது.

அப்பருக்குச் சூலை வந்தபோது அவர் மதம் மாறினார். எனக்கு வந்தபோது தண்ணீர்க் குழாயைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் தெருவுக்குக் குழாய் வந்தது ஊருக்கு வந்து பல வருடம் கழித்து. கிணற்றுத் தண்ணீரில் தோல் ஷாப்புக் கழிவு இறங்கியிருந்தது. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஆலைகள் நிலத்தடி நீரைக் கெடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிந்தது. அதற்கு முன்பே பிள்ளைகள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். குடலுக்கு எது நல்லது என்று பட்டியல் போடுகிறவர்கள் முதல் வரியில் தண்ணீரை எழுதட்டும்.

8

என் தட்டில் இப்போது என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கிறார்கள். சொல்கிறேன், இது மருத்துவக் குறிப்பு அல்ல.

காலையில் கூழ். கேழ்வரகு மாவை முதல் நாள் கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் நொய் வேகும்போது ஊற்றிக் கிளறி, ஆறவைத்து, அதற்கும் மறுநாள் கரைத்துக் குடிப்பது ஆயாவின் முறை. முழுப் புளிப்பு எனக்கு எரிகிறது. அதனால் ஒரு ராப்பொழுது மட்டும் புளிக்க விடுகிறேன். பச்சை வெங்காயமும் மிளகாயும் கடித்துக்கொள்வது பரம்பரை வழக்கம்தான். அது என் குடலுக்கு ஒத்துவரவில்லை, விட்டுவிட்டேன். மதியம் புழுங்கல் சோறு, முருங்கைக் கீரை, பருப்பு கொஞ்சமாக. ராத்திரி பழைய சோற்றுத் தண்ணீர் அல்லது ரசம். வாரம் ஒரு நாள் எலும்போடு வேகவைத்த மாட்டுக்கறிச் சாறும் நன்றாக வெந்த கறியும். உப்புக்கண்டத்தைத் தொடுவதில்லை. உப்பிட்டுப் பதப்படுத்திய உணவு இரைப்பைக்கு ஆகாது. பதப்படுத்திய இறைச்சி குடற்புற்றுக்குக் காரணமாகலாம் என்று 2015-இல் உலக சுகாதார அமைப்பின் ஆய்வுக் குழு அறிவித்தது. அது நம் பசியின் நினைவாக எழுத்தில் இருக்கட்டும், வயிற்றில் வேண்டாம். மாத்திரையையும் நான் நிறுத்தவில்லை. ஆயாவுக்கு அன்றைக்கு மருத்துவம் கிடைத்திருந்தால் அந்த ஐந்து பிள்ளைகளில் சிலராவது இருந்திருப்பார்கள்.

இதனால் எனக்கு வயிறு முழுக்கச் சரியாகிவிடவில்லை. முன்னைக்கு இப்போது தேவலை. கூட்டத்தில் இரண்டு மணி நேரம் உட்கார முடிகிறது.

ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் ஊரே கூழ் ஊற்றுகிறது. அந்த ஒரு மாதம் கூழ் அம்மனின் பிரசாதம். மற்ற பதினோரு மாதம் நம் சாதியின் அடையாளம். 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அருந்ததியர் பெண் சமைத்த சத்துணவைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சாதி இந்துக்கள் தகராறு செய்தார்கள். தானியத்தை ஏற்கிறார்கள், கையை ஏற்கவில்லை. கை நீக்கிய உணவைத்தான் அவர்கள் 'பாரம்பரியம்' என்று பொட்டலம் கட்டுகிறார்கள்.

நம் வீடுகளில் இன்னும் சில ஆயாக்கள் உயிரோடு இருக்கிறார்கள். என்ன தின்றார்கள் என்பதோடு, அதை யார் அளந்து கொடுத்தார்கள், எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள், எத்தனை பிள்ளைகளை வயிற்றுப்போக்கில் இழந்தார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள். மாணவர்கள் இதை ஆய்வேடாகவே செய்யலாம். கூழ் செய்முறை எல்லாப் புத்தகத்திலும் வந்துவிட்டது. அதைக் குடித்தவர்களின் கணக்கு இன்னும் எழுதப்படவில்லை.